எட்டாம் எண் ஃப்ளை தூண்டில்: கோல் நன்று, ரீல் சுமார்

சியாட்டிலில் உள்ள மகள் வீட்டுக்குப் புறப்படுமுன், வேலூரில் ஒரு தூண்டில் கடையில் சொல்லிவைத்து வரவழைத்த, 9 அடி நீளமுள்ள எட்டாம் எண் ஃப்ளை தூண்டில் தொகுப்பைப் பற்றியது இம்மதிப்புரை. பூச்சியையோ சிறுமீனையோ போன்ற, எடை குறைந்த போலி இரையை எறிந்து மீன் பிடிப்பதே ஃப்ளை தூண்டில்; எண், அதற்கேற்ற கயிற்றின் எடையைக் குறிக்கும். கோல் நான்கு துண்டுகளாகப் பிரிவதால் பெட்டியில் எளிதில் அடங்கியது.

முதலில் பாலாற்று மணலில் பழகினேன். இவ்வகைத் தூண்டிலில் இரையைக் கொண்டுசெல்வது ஈயக்குண்டின் எடை அல்ல, கயிற்றின் எடையே என்பது கைக்குப் புரிய இரண்டு வாரம் ஆயிற்று. ஏரியில் கெண்டை பிடித்த அனுபவம் சிறிதும் உதவவில்லை.

சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில், விடியற்காலையில், சிறு படகிலிருந்து கோஹோ என்னும் சால்மன் வகை மீனைத் தேடியபோது, எதிர்க்காற்றிலும் கோல் கயிற்றை நேராகச் செலுத்தியது. ஆனால் மீன்கள் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே திரிந்ததால், உடன் வந்த மிதக்கும் கயிறு பயன்படவில்லை. மெல்ல அமிழும் கயிற்றையும், சிறுமீனைப் போலத் தோன்றும் கிளவுசர் மின்னோ வகைப் போலி இரையையும் தனியே வாங்க நேர்ந்தது. அங்கே சால்மனுக்கு எதிர்முள் (மீன் நழுவாதிருக்க, கொக்கி நுனியருகே பின்னோக்கி நிற்கும் முள்) இல்லாத கொக்கியே சட்டம் என்பதால், தொகுப்பிலிருந்த கொக்கிகளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கினேன். கையால் இழுத்துச் சேர்த்த கயிறு காலில் சுற்றிக்கொள்ளாதிருக்க, மகளின் துணிக்கூடையைப் படகில் வைத்தோம் (அவளுக்கு இன்னும் கோபம்).

கயிற்றைச் சுற்றிவைக்கும் ரீல்தான் பெருங்குறை. நாள்தோறும் நன்னீரில் கழுவியும், மூன்றாம் நாளே திருகுகளில் துரு ஏறியது. ஆகவே கோலை மட்டும் வாங்கி, உப்புநீரைத் தாங்கும் ரீலைத் தனியே தேர்வது நல்லது. கிடைத்தவை இரண்டு கோஹோ, ஒன்று குழம்பாயிற்று.