பேர்ஸுக்குள் வைக்கும் "ஜிபிஎஸ் கார்ட்" வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

கிளிநொச்சியில் ஒரு கைபேசிக் கடையில் 7,500 ரூபா கொடுத்து நான் ஏமாந்த கதை இது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு கடையை மட்டும்தான் தவிர்ப்பீர்கள். அதே பெட்டியை வவுனியாவிலும் புதுக்குடியிருப்பிலும் கண்ணாடி அலுமாரிகளுக்குள் கண்டுவிட்டேன்.

போன வருடம் ஒருதடவை பேர்ஸைத் தொலைத்தேன். அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி அட்டை எல்லாம் அதோடு போயின. பொலிஸில் முறைப்பாடு, விதானையாரிடம் கையெழுத்து, பிரதேச செயலகத்தில் வரிசை என்று அலைந்து முடிக்கும்வரை மனைவியிடம்தான் செலவுக்குக் கை நீட்டினேன். அந்தச் சூடு ஆறாமல் இருந்த நேரத்தில்தான் கடைப் பையன் கார்ட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"அண்ணை, இது ஜிபிஎஸ். பேர்ஸ் கொழும்பில கிடந்தாலும் போனில காட்டும். ஐபோன், அன்ட்ராய்ட் ரெண்டுக்கும் வேலை செய்யும்."

பெட்டியில் இருந்த கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணி, பெயர் கேள்விப்படாத ஒரு செயலியை என் கைபேசியில் இறக்கினான். அது தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது, அவனே "ஓம்" என்று அழுத்தினான். வரைபடம் திறந்தது. கிளிநொச்சி நகரத்துக்கு நடுவே, கடை இருந்த இடத்திலேயே, ஒரு சிவப்புப் புள்ளி. பொத்தானை அழுத்தினால் கார்ட் சில்வண்டு மாதிரிக் கத்தியது. நான் வாயைப் பிளந்தேன். அந்தப் புள்ளி என் கைபேசி நிற்கும் இடத்தைத்தான் காட்டுகிறது என்று அப்போது எனக்குப் படவில்லை. கார்ட்டும் கைபேசியும் ஒரே மேசையில் கிடந்தால் எந்தப் புள்ளியும் சரியாகத்தானே இருக்கும்!

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் பேர்ஸ் தொலையவில்லை. தடிப்பு மட்டும் தொல்லை. காற்சட்டைப் பின் பையில் பேர்ஸ் மடிய மறுத்தது. வங்கி அட்டை ஒன்றின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். இது ஆறு அட்டையை அடுக்கியதுபோல் இருந்தது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. மாங்குளத்தில் வேலை முடித்து, வவுனியாவில் இருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். முறிகண்டியில் வழக்கம்போல் பஸ் நின்றது. இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு சுருள் கச்சான் வாங்கி, கொறித்துக்கொண்டே திரும்ப ஏறினேன். வீட்டுக்கு வந்து காற்சட்டையைக் கழற்றும்போதுதான் பை இலேசாக இருப்பது தெரிந்தது.

செயலியைத் திறந்தேன். புள்ளி மாங்குளத்தில் நின்றது, பின்னேரம் 4.50 என்று நேரத்துடன். "பார்த்தியா, சாமான் வேலை செய்யுது" என்று மனைவிக்குப் பெருமையாகச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். இரவில் ஏ9 வீதியில் போனவர்களுக்குத் தெரியும், தாருக்கு மேல் மாடுகள் படுத்திருக்கும், கிட்டப் போய்த்தான் கண் மின்னும். ஊர்ந்து ஊர்ந்து மாங்குளம் போய்ச் சேர்ந்து, பஸ் நிற்கும் இடத்திலும் அலுவலக வாசலிலும் ரோச் அடித்துத் தேடினேன். பொத்தானை அழுத்தி அழுத்திக் காதைத் தீட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. பூட்டிக்கொண்டிருந்த தேநீர்க் கடைக்காரர், "என்ன தம்பி, பாம்பு கீம்போ?" என்றார்.

திரும்பி வரும் வழியில் முறிகண்டியில் நிறுத்தி, சட்டைப் பையில் கிடந்த இருபது ரூபாவை உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன். பேர்ஸ் அப்போது அங்கிருந்து முப்பது அடியில், ஒரு கச்சான் சாக்குக்கு அடியில் இருந்தது!

அது மறுநாள் காலைதான் தெரிந்தது. தொலைபேசியில், முறிகண்டியில் கச்சான் விற்கும் ஓர் அம்மாவின் குரல்: "தம்பி, பேர்ஸ் ஒண்டு கிடக்கு, உங்கடையோ?" உள்ளே இருந்த பசளைக் கடை பில் ஒன்றில் கடைக்காரர் என் தொலைபேசி எண்ணைப் பேனையால் எழுதியிருந்தார். அதைப் பார்த்து எடுத்திருக்கிறார். காசு ஒரு சதமும் குறையாமல் இருந்தது. ஏதாவது கொடுக்கப் பார்த்தேன், வாங்க மறுத்துக் கச்சான் ஒரு பை தந்து அனுப்பினார்.

அப்படியானால் புள்ளி ஏன் மாங்குளத்தில் நின்றது? முப்பது அடியில் நான் நின்றபோது கைபேசி ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

இதைக் கேட்கக் கடைக்குப் போனேன். பற்றரி முடிந்திருக்கும் என்றான் பையன். அவன் முன்னாலேயே பொத்தானை அழுத்தினேன், கத்தியது. உடனே கதை மாறியது: "வன்னியில டவர் குறைவு அண்ணை, யாழ்ப்பாணம், கொழும்பு எண்டா நல்லா வேலை செய்யும்." அது நியாயமாகப் பட்டதால் பேசாமல் வந்துவிட்டேன். எங்களுக்கு எது பழுதென்றாலும் டவரில் போட்டால் நம்பிவிடுவோம்.

அக்காவின் மகன் அறிவியல் நகரில், யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறான். அவனிடம் கார்ட்டையும் கைபேசியையும் சில நாட்களுக்குக் கொடுத்தேன். அவன் வாதம் எதுவும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போகும் நண்பனின் பைக்குள் கார்ட்டைப் போட்டுவிட்டு, கைபேசியைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். கார்ட் இரண்டு நாள் யாழ் நகரத்துச் சனத்துக்கு நடுவே சுற்றியது. புள்ளி இரண்டு நாளும் அறிவியல் நகரிலேயே நின்றது.

பிறகு கத்தியால் நெம்பித் திறந்தான். உள்ளே சிஆர் 2032 நாணயப் பற்றரி ஒன்று, கிட்ட இருக்கும் கைபேசிக்கு மட்டும் எட்டும் நகத்தளவு புளூடூத் பலகை, சத்தம் போடும் மெல்லிய தகடு. அவ்வளவுதான்.

"மாமா, ஜிபிஎஸ் எண்டா கருவி தான் நிக்கிற இடத்தைத் தானே அறியிறது. அதை உங்களுக்கு அனுப்ப சிம் வேணும். சிம் எங்க?"

மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டும் கருவிகளில் சிம் இருக்கும், வண்டியின் பற்றரியில் மின் எடுக்கும். இந்த நாணயப் பற்றரி கொள்ளும் மின் ஏறக்குறைய 220 மில்லிஅம்பியர் மணி, இன்றைய கைபேசிகள் பலவற்றில் 5,000. ஜிபிஎஸ்ஸும் சிம்மும் சேர்ந்தால் இது எத்தனை நாள் தாங்கும்? பெட்டியில் "ஒரு வருடம்" என்று போட்டிருந்தார்கள்.

என் செயலி செய்தது இவ்வளவுதான். அது திறந்திருக்கும்போது கார்ட்டின் புளூடூத் குரல் கைபேசிக்கு எட்டினால், அந்த நேரம் கைபேசி நிற்கும் இடத்தைக் குறித்து வைக்கும். மாங்குளத்தில் 4.50க்கு நான் சும்மா திறந்து பார்த்திருக்கிறேன். அதன்பின் பற்றரியைச் சேமிக்கக் கைபேசியே செயலியை மூடிவிட்டது. முறிகண்டியில் கார்ட் புளூடூத்தில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும், கேட்க யாரும் விழித்திருக்கவில்லை.

நல்ல கார்ட்டுகளிலும் பெரும்பாலும் ஜிபிஎஸ் இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. அவையும் புளூடூத்தில்தான் கூப்பிடுகின்றன. ஆனால் வழியில் போகிற முன்பின் தெரியாதவர்களின் கைபேசிகள் அந்தக் குரலைக் கேட்டு, தாங்கள் நிற்கும் இடத்தை, வேறு யாரும் வாசிக்கமுடியாதபடி மறைகுறியாக்கி, இணையம் வழியாக உங்களுக்கு அனுப்பிவிடும். ஆப்பிளின் வலையமைப்பு ஐபோன்களை நம்பியிருக்கிறது. கூகுளின் வலையமைப்பு 2024இல் தொடங்கியது, அன்ட்ராய்ட் கைபேசிகளை நம்பியிருக்கிறது. சாம்சுங்கின் டாக் (இதே வேலை செய்யும் சின்னத் தேடற்கருவி) சாம்சுங் கைபேசியோடுதான் சேரும். ஆப்பிள், கூகுள் இரண்டு வலையமைப்புக்கும் பொருந்தும் கார்ட்டுகளும் வருகின்றன, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டிலும் ஓடா. பொருத்தும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

வன்னிக்காரர் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். ஏ9இல் கொழும்பு வாகனங்களும் வெளிநாட்டில் இருந்து வந்தவர்களும் போய்வருவதால் ஐபோன் ஏதாவது ஒன்று கடந்துபோகும். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு வயல் வரம்பிலோ விழுந்தால், ஐபோன் வரும்வரை கார்ட் புளூடூத்தில் கூப்பிட்டுக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். எங்கள் பக்கம் பெரும்பாலானோர் கையில் அன்ட்ராய்ட் என்பதால் கூகுளுடையது பொருந்தும் என்று நினைத்தேன். அதிலும் ஒரு சிக்கல். சனம் கூடும் இடங்களில் மட்டும், பல கைபேசிகள் கேட்டால்தான் இடத்தைக் காட்டும் என்பது அதன் ஆரம்ப அமைப்பு. "எல்லா இடங்களிலும்" என்று மாற்ற வழி உண்டு, ஆனால் வழியில் போகிறவரும் தன் கைபேசியில் மாற்றியிருக்கவேண்டும். சனம் நெரியும் வற்றாப்பளைப் பொங்கலில் தொலைத்தால் கிடைக்கலாம், வயலில் தொலைத்தால் சந்தேகம்.

தடிப்பு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிளின் வட்ட டாக் 8 மில்லிமீற்றர் தடிப்பு, பேர்ஸுக்கு ஆகாது. கார்ட் வடிவில் வரும் நல்லவை ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர். சிஆர் 2032 என்ற பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. ஆகவே "மெல்லிய கார்ட், இந்தப் பற்றரியை மாற்றலாம்" என்று ஒருவர் சொன்னால் அடிமட்டத்தைக் கேளுங்கள். உண்மையில் மெல்லியவற்றில் பற்றரி உள்ளேயே ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் முடிந்தால் புதிது வாங்கவேண்டும், அல்லது மின்னேற்றக்கூடியதாக வாங்கவேண்டும்.

கடையில் நிற்கும்போது பார்க்கவேண்டியது, அது எங்கே சேர்கிறது என்பது. மேலே சொன்ன வலையமைப்புகளுக்குரிய அசல் சாமான் அந்தந்த நிறுவனத்தின் சொந்தச் செயலியிலேயே சேரும். பெயர் தெரியாத செயலியை இறக்கச் சொன்னாலே, அதுவும் தொடர்பு எண்களைக் கேட்டால், பெட்டியை மூடிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கார்ட்டைக் கூட்டாளியிடம் கொடுத்துக் கரடிப்போக்குச் சந்திக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் கைபேசியோடு கடையிலேயே இருந்து பாருங்கள். புள்ளி உடனே நகராவிட்டாலும் அரை மணித்தியாலம் பொறுக்கலாம். பையன் அவசரப்பட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும்.

இன்னொன்று பில். என் பில்லில் "அக்சசரி 1, ரூபா 7,500" என்று மட்டும்தான் இருந்தது. கீழே "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது". ஜிபிஎஸ் என்று வாயால் சொன்னதற்கு எழுத்து இல்லை. நான் அன்றைக்கே அந்தச் சொல்லை எழுதச் சொல்லியிருந்தால் பையன் கொஞ்சம் யோசித்திருப்பான்.

யாழ்ப்பாணச் சோதனையோடு திரும்பப் போனபோது முதலாளியே இருந்தார். காசு தரமாட்டாராம், கைபேசிக்கு உறையும் கண்ணாடியும் தருகிறாராம். வேண்டாம் என்று வந்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். பில் பிரதியையும் பெட்டியின் படத்தையும் வைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.

கார்ட்டைத் திரும்ப ஒட்டி வீட்டுத் திறப்புக் கோர்வையில் மாட்டியிருக்கிறேன், கதிரைக்கு அடியில் கிடந்தால் கத்தும். பேர்ஸுக்குள் இப்போது என் எண்ணை எழுதிய கடதாசித் துண்டுதான். முறிகண்டியில் பஸ் நிற்கும்போதெல்லாம் அந்த அம்மா கச்சானைச் சுற்றிக்கொண்டே கேட்கிறார்: "பேர்ஸ் கிடக்கோ தம்பி? ஒருக்காத் தடவிப் பாரும்."