காலுக்குள் கம்பி: நான்காம் ஆண்டில் எப்படி இருக்கிறது?

முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து உள்ளே கம்பி வைத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பியோடு வாழ்வது எப்படி என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. எனக்கு இது நான்காம் ஆண்டு.

இரு சக்கர வாகன விபத்தில் வலது காலின் இரண்டு எலும்புகளும் நடுவில் முறிந்தன. தோல் கிழியவில்லை. புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்று வீட்டில் வற்புறுத்தினார்கள். எலும்பு நன்றாக விலகியிருக்கிறது, கட்டுப்போட்டால் கோணலாகச் சேரலாம் என்றார் மருத்துவர். முதுகில் ஊசி போட்டார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே சிறிதாகக் கீறி, பெரிய எலும்பின் உட்குழல் வழியாக டைட்டானியம் கம்பியை இறக்கி, மேலும் கீழும் குறுக்கே ஸ்க்ரூ பூட்டினார்கள். சின்ன எலும்பைத் தொடவே இல்லை. அது தானாகச் சேர்ந்துவிட்டது. 1939-இல் ஜெர்மனியின் கீல் நகரில் அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் தொடை எலும்பில் தொடங்கிய வழி இது. குறுக்கு ஸ்க்ரூ பின்னால் வந்த முன்னேற்றம். எலும்பு குறுகாமலும் திருகாமலும் நிற்பது அதனால்தான்.

மாவுக்கட்டு இல்லாததுதான் பெரிய நிம்மதி. மறுநாளே முழங்காலையும் கணுக்காலையும் அசைக்கச் சொன்னார்கள், வாக்கர் பிடித்து நின்றேன். ஆனால் எலும்பு சேர்வதில் தாமதம். காலின் முன்புறம் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது, சுற்றிலும் சதை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. சில மாதங்கள் கழித்தும் எக்ஸ்ரேயில் கோடு தெரிந்தது. மேல் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றிவிட்டு, நன்றாக ஊன்றி நடக்கச் சொன்னார்கள். உடல் எடை முறிவின் மேல் இறங்கினால் எலும்பு வளரத் தூண்டப்படும் என்பது கணக்கு. எனக்கு அது பலித்தது. புகைபிடிப்பவர்கள் இந்தக் காலத்திலாவது கட்டாயம் நிறுத்துங்கள். எலும்பு சேர்வதை அது நிச்சயமாகத் தாமதப்படுத்தும்.

முறிந்த இடத்தில் இன்று வலியே இல்லை. வலிப்பது, கம்பியை இறக்கக் கீறிய, உடையாத முழங்கால்! நடக்கிறேன், படியேறுகிறேன், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறேன். தரையில் முட்டி போட மட்டும் முடிவதில்லை. கோயிலில் விழுந்து கும்பிடும்போதும், கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போதும் சுருக்கென்று குத்துகிறது. இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பலருக்கும் இருக்கும் தொல்லை இது. அறுவைக்கு முன்பே இதை நோயாளியிடம் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கொத்தனாருக்கும், டைல்ஸ் பதிப்பவருக்கும், தரையில் மண்டியிட்டுத் தொழுபவருக்கும் இது சின்ன விஷயம் அல்ல. சில்லுக்கு மேலே கீறிக் கம்பியை இறக்கும் முறையும் இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

கம்பியை எடுத்துவிடலாமா என்று நானும் கேட்டேன். எடுத்தாலும் முட்டிவலி போகும் என்று உறுதி கிடையாது, தொந்தரவு தாங்க முடிந்தால் விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். விட்டுவிட்டேன். கணுக்கால் பக்கத்து ஸ்க்ரூ மட்டும் இறுக்கமான ஷூ போட்டால் உறுத்துகிறது, செருப்பிலேயே காலம் ஓடுகிறது.

டிஸ்சார்ஜ் தாளையும், கம்பியின் நிறுவனம், அளவு குறித்த ஸ்டிக்கரையும் பத்திரமாக வைத்திருங்கள். பிற்காலத்தில் எடுக்க நேர்ந்தால், கழற்றும் கருவி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.