ஒரு மாலாக்கா, 121 மாலாக்கா?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்குச் சின்ன நிரல் ஒன்று சி மொழியில் எழுதிக் கொடுத்தேன். 120 விவசாயிகள், 31 நாட்கள். யார் என்றைக்கு எத்தனை கிலோ தோத்தாபுரி இறக்கினார் என்று திரையில் ஓட வேண்டும். ஆள் கணக்கு சீசனுக்குச் சீசன் மாறும் என்பதால், நிரல் ஓடும்போதுதான் மெமரி வாங்கியாக வேண்டும்.

கல்லூரியில் படித்தபடி முதலில் இரட்டைப் பாயிண்டர் போட்டேன். பாயிண்டர் என்றால் மெமரியில் ஓர் இடத்தின் முகவரி; இரட்டை என்றால் அப்படிப்பட்ட முகவரிகளின் பட்டியலைக் காட்டும் முகவரி. பாயிண்டர்களுக்கு ஒரு மாலாக் (மெமரி கேட்டு வாங்கும் பங்ஷன்), அப்புறம் வரிசைக்கு ஒன்றாக 120. படிக்கச் சுகமாக இருக்கும். இந்தச் சின்ன அட்டவணைக்கு வேகம் ஒரு பேச்சே இல்லை.

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில்தான் மாட்டினேன். நொடிக்கொரு முறை அட்டவணை புதிதாகக் கட்டப்படும். பழையதில் மேல் பாயிண்டரை மட்டும் ஃப்ரீ செய்துவிட்டு வரிசைகளை மறந்திருந்தேன். இன்ட் (ஒரு முழு எண்) 4 பைட் என்றால் ஒவ்வொரு தடவையும் 14,880 பைட் போச்சு. மணிக்கு 50 எம்பிக்கு மேல். "தம்பி, சாயங்காலம் ஆனா பொட்டி நவுரவே மாட்டேங்குது" என்று மண்டிக் கணக்கர் போன் செய்தார். மெமரித் தவறுகளைக் காட்டும் வால்கிரைண்ட் கருவியில் ஒரு சுற்று விட்டுப் பார்த்தால், தொலைந்தவை 120 துண்டுகள்!

திருத்துவதும் லேசில்லை. வரிசைகளை முதலில் விட்டு, மேல் பாயிண்டரைக் கடைசியில் விட வேண்டும். 57-வது வரிசைக்கு மாலாக் நல் (மெமரி இல்லை என்ற பதில்) கொடுத்தால், முன்னால் வாங்கிய 56-ஐயும் தேடித் திருப்ப வேண்டும்.

அதனால் எல்லா வரிசைக்கும் சேர்த்து ஒரே துண்டுக்கு மாறிவிட்டேன். ஒரு மாலாக், ஒரு நல் சோதனை, ஒரு ஃப்ரீ. வரிசை எண்ணை 31-ஆல் பெருக்கி நாளைக் கூட்டினால் இடம் கிடைக்கும். வரிசை 3, நாள் 5 என்றால் 98. இதை ஒரு குட்டிப் பங்ஷனில் போட்டுவிட்டேன். ஒரு குறை உண்டு: நாள் எண் 31 என்று தவறிப் போனால் (பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் கடைசி 30) ஒருவர் மாங்காய் அடுத்தவர் கணக்கில் ஏறும், வால்கிரைண்டும் வாயைத் திறக்காது. அந்தப் பங்ஷனிலேயே எல்லையைச் சோதித்துவிடுகிறேன்.

சி99-இல் வந்த, முழு வரிசையைக் காட்டும் பாயிண்டரும் இருக்கிறது. ஒரே மாலாக்தான், [வரிசை][நாள்] என்று இரண்டு அடைப்பு போட்டும் எழுதலாம். ஜிசிசி கம்பைலரில் சிறு நிரல்களில் மட்டுமே தொட்டிருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். சி11 இதைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது, சி23 திரும்பக் கட்டாயமாக்கியது; ஆனால் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் ஏற்காது. மண்டியில் இருப்பதோ விண்டோஸ்.

வரிசைக்கு வரிசை நீளம் வேறுபட்டால் மட்டும் இரட்டைப் பாயிண்டருக்கே போவேன்.