அம்மாவின் காலுக்கு வாங்கிய ஷோர்ட் ஸ்ட்ரெச் பண்டேஜ்

அம்மாவுக்கு யானைக்கால் வந்து இருபது வருடமாகிறது. இலங்கையில் இந்த நோய் இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது. ஆனால் முன்னமே வீங்கிய கால்கள் வீங்கியபடிதான் இருக்கின்றன. போன வருடம் அம்மாவுக்குக் கணுக்காலுக்கு மேலே தோல் வெடித்து நீர் கசியத் தொடங்கியது. கொட்டாஞ்சேனை வீட்டில் நாளுக்கு நான்கு தடவை துணி மாற்றினோம். வாடைக்குப் பயந்து அம்மா கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

முதலில் சாதாரண கிரேப் பண்டேஜைத்தான் சுற்றினேன். அது நடக்கும்போது காலோடு விரியும், படுத்தால் இறுக்கி நோகும். ஷோர்ட் ஸ்ட்ரெச் வாங்கச் சொன்னவர் கிளினிக்கில் மருந்து கட்டும் மிஸ். இது அதிகம் இழுபடாது. நடக்கையில் கெண்டைத் தசை புடைத்தாலும் இடம் கொடுக்காது, அந்த அழுத்தத்தில்தான் தேங்கிய நீர் மேலே ஏறுகிறது. பெரியாஸ்பத்திரிப் பக்கம் மூன்று கடை ஏறினேன். இரண்டு கடையில் கிரேப்பை நீட்டி "இரண்டும் ஒன்றுதான்" என்றார்கள். ஒன்றில்லை, பார்த்து வாங்குங்கள்.

ஒரு விஷயம் முக்கியம். அம்மாவின் பாதத்தில் நாடி நன்றாக ஓடுகிறதா என்று சோதித்த பிறகே மிஸ் கட்டினார். இரத்த ஓட்டம் குறைந்த காலை இறுக்கிக் கட்டினால் கெடுதல்தான். நீங்களாகத் தொடங்காதீர்கள்.

இப்போது நானே கட்டுகிறேன். சோப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைப்பேன். புண்ணைச் சுற்றி சிங்க் கிரீம், புண்ணில் ஒட்டாத டிரெசிங், அதன்மேல் நீர் உறிஞ்சும் பாட், அப்புறம் பஞ்சுப் பட்டை. கடைசியாகத்தான் பண்டேஜ்: விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை, மேலே போகப் போக இறுக்கம் குறைய வேண்டும். தோலில் பிளாஸ்டர் ஒட்டவே மாட்டேன், எடுக்கும்போது தோலும் வந்துவிடும்.

மூன்று வாரத்தில் கசிவு நாளுக்கு ஒரு பாட் அளவுக்குக் குறைந்தது. புண் இன்னும் முழுதாக மூடவில்லை, ஆனால் ஓரம் காய்ந்து சுருங்குகிறது.

குறைகளும் உண்டு. விலை கிரேப்பைவிடப் பல மடங்கு. கொழும்பு வெக்கையில் உள்ளே வியர்த்து அரிக்கிறது. வீக்கம் வற்றினால் பண்டேஜ் நழுவும், திரும்பக் கட்ட வேண்டும். ஒரு நாள் கால் சிவந்து காய்ச்சல் வந்தது. உடனே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

கழுவிப் பல தடவை பாவிக்கலாம், ஆனால் மழை நாளில் ஒரு சோடி போதாது. காயவே இரண்டு நாள் எடுக்கிறது. அம்மா தேருக்குப் போகவேண்டும் என்கிறார், அதற்கு முன் இன்னொரு சோடி வாங்கிவிடுவேன்.