பழைய ஷோ-பட் மேவரிக்: வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

கால்களின் மேல் கிடையாக நிற்கும் பெடல் ஸ்டீல் கிதாரில், பெடலாலும் முழங்கால் லீவராலும் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிப்பார்கள்; அது பாதி வாத்தியம், பாதி இயந்திரம். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இயந்திரப் பாதியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் பழைய ஷோ-பட் மேவரிக்கைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரில் மயங்கி இதை மறந்துவிடுகிறார்கள்.

ஷோ-பட், ஸ்டீல் கிதார் கலைஞர்கள் ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் 1950-களில் நாஷ்வில் பகுதியில் தொடங்கிய கம்பெனி. எம்மன்ஸ் பின்னால் பிரிந்து சொந்தக் கம்பெனி கண்டார். பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் மேவரிக் கற்றுக்கொள்பவருக்காகச் செய்த மாடல். ஒரு கழுத்து, 10 தந்தி, 3 பெடல், பெரும்பாலும் ஒரே ஒரு முழங்கால் லீவர். விலை பேசும்போது இதை மனதில் வையுங்கள். மேப்பிள் மரம் தெரியும் ஆரம்பகால வாத்தியம் கிடைத்தால் நல்லது. பிற்காலத்தவற்றில் மர ரேகை அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும்; அதன் ஓரம் உரிந்திருந்தால் கவலை இல்லை, நாதத்தை அது கெடுக்காது.

சோதிக்கப் போகும்போது புதுத் தந்தி ஒரு செட்டும் எலக்ட்ரானிக் ட்யூனரும் எடுத்துப் போங்கள். துருப்பிடித்த தந்தியை வைத்துக்கொண்டு நாதத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஈ9 என்னும் வழக்கமான 10 தந்திச் சுருதியமைப்பில் மூன்றாம் தந்தி ஜி ஷார்ப், வழக்கமாக 0.011 அங்குலம். அடிக்கடி அறுவது அதுதான், கூடுதலாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அது அறுந்துகொண்டே இருந்தால் தந்தி வளைந்து இறங்கும் சேஞ்சர் விரலின் (பெடலை மிதித்தால் அசைந்து தந்தியை இழுக்கும் உலோகத் துண்டு) முகட்டைப் பாருங்கள். தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். இரைச்சலும் அங்கிருந்துதான் வரும்.

சுருதி சேர்ந்ததும் எட்டாம் தந்தியை, அதாவது ஈ-யை, மீட்டி ட்யூனரின் முள்ளைக் கவனியுங்கள். மீட்டியபடியே ஏ, பி எனப்படும் (இங்கே இவை சுரப் பெயர்கள் அல்ல) இரண்டு பெடலையும் சேர்த்து மிதியுங்கள். இந்தப் பெடல்கள் ஈ-யைத் தொடுவதில்லை. 5, 10-ஆம் தந்திகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கும், 3, 6-ஐ ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கும் ஏற்றுகின்றன. ஆனாலும் முள் சற்றுக் கீழே சரியும். ஏறிய இழுவிசையில் உடல் நூலளவு வளைவதால் மற்றத் தந்திகள் தளர்கின்றன. சில சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்கினால் பரவாயில்லை. 10 சென்ட்டைத் தாண்டினால், உடல் பலவீனமா, திருகுகள் தளர்ந்தனவா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, பெடலைப் பத்துமுறை மிதித்து விடுங்கள். விட்ட பிறகு சுரம் ஏறியே நின்றால், சேஞ்சர் அச்சில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும், அல்லது பெடலின் அசைவைச் சேஞ்சருக்குக் கடத்தும் இழுகம்பியின் முனையிலுள்ள நட்டை யாரோ அளவுக்கு மேல் முடுக்கியிருப்பார்கள். நட்டுக்கும் விரலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். லீவரை விட்ட பிறகு சுரம் இறங்கியே நின்றால் மீள் ஸ்பிரிங் மீது சந்தேகப்படுங்கள். பிசினைச் சிகரெட் லைட்டர் திரவத்தால் கழுவி, காய்ந்ததும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் பல வாத்தியங்கள் மறுபிறவி எடுக்கும். எனவே பிசின் தள்ளுபடி கேட்கக் காரணமே தவிர, வேண்டாமென்று திரும்பி வரக் காரணம் அல்ல.

கவிழ்த்துப் பார்க்காமல் முடிவு செய்யவே வேண்டாம். டார்ச் அடித்து ஒவ்வொரு வார்ப்புப் பாகத்தையும் பாருங்கள். மலிவான துத்தநாகக் கலவை வார்ப்பு உடைந்தால் உட்புறம் சாம்பல் நிறத்தில் பொருபொருவென இருக்கும். அதை ஒட்டவைப்பது நிலைக்காது, மாற்றுப் பாகம்தான் வழி. மூன்று பெடல் கம்பிகளும் நான்கு கால்களும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கால் திருகும் துளைகளில் மரை தேய்ந்திருந்தால் வாசிக்கும்போது முழு வாத்தியமும் ஆடும். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்அப் ஒலிக்கவில்லை என்றால் மல்டிமீட்டரைச் சுருளின் இரு முனைகளில் வைத்துப் பாருங்கள். எல்லையற்ற மின்தடை காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, மறுபடி சுற்றும் செலவையும் விலையில் கழியுங்கள்.

இவ்வளவும் தேறிய மேவரிக்கின் நாதம் இனிமையானதுதான், ஆனால் அந்த ஒற்றை லீவர் விரைவில் போதாமல் போகும். ஒரு மேஜர் கார்டை ஈ9-இல் பெடல் இல்லாமல் ஓர் இடத்திலும், அதே கார்டை 7 ஃப்ரெட் (தந்திக்குக் கீழே இடம் காட்டும் கோடு) மேலே ஏ, பி பெடல்களோடும் வாசிக்கலாம். நடுவே, 3 ஃப்ரெட் மேலே, ஏ பெடலோடு ஈ-யை எஃப்-ஆக ஏற்றும் லீவரைச் சேர்த்தால் மூன்றாவது இடம் கிடைக்கும். மேவரிக்கில் இருக்கும் ஒரே லீவர் பெரும்பாலும் ஈ-யை இறக்குவதற்கு என்பதால், அந்த நடு இடம் அடைபட்டுப் போகிறது. லீவர் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னால், பாகத்துக்கும் கூலிக்கும் ஆகும் தொகையைக் கூட்டிப் பாருங்கள். 3 பெடலும் 4 லீவரும் உள்ள வேறு பழைய வாத்தியத்தின் விலையை அது நெருங்கினால், அந்த வேறு வாத்தியத்தையே வாங்குங்கள்.