ஏற்றியது எங்கே போயிற்று? ஆப்ட், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ்

மார்த்தாண்டத்தில் அச்சு வடிவமைப்புக் கடை வைத்திருக்கிறேன். கடையின் மூன்று கணினிகளிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. புதிய மென்பொருளை ஏற்ற ஆப்ட், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் என்ற மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் டெபியனோடு வரும் ஆப்ட் பக்கம் வந்துவிட்டேன். ஃபிளாட்பேக் வட்டில் கூடுதல் இடம் பிடிக்கும், ஆப்இமேஜ் ஒற்றைக் கோப்பாக வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: ஏற்றி முடித்த மென்பொருளை எங்கே தேடுவது, எப்படித் திறப்பது?

அம்மன் கோவில் கொடை நோட்டீஸ் ஒன்று மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. கடையில் வேலை பார்க்கும் பெண் அன்றுதான் முதன்முதலாக ஃபிளாட்பேக்கை நிறுவி, அதன் வழியே இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை ஏற்றினாள். "ஏறிவிட்டது என்றுதான் வருகிறது அண்ணே, மெனுவில் காணவில்லை" என்றாள். கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் இங்க்ஸ்கேப் என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றினோம். முக்கால் மணி நேரம் போயிற்று.

மென்பொருளில் குறையே இல்லை. மெனு எந்தெந்த அடைவுகளில் (கோப்புறைகளில்) தேட வேண்டும் என்பது கணினிக்குள் நுழையும்போதே முடிவாகிவிடுகிறது. ஃபிளாட்பேக் தன் சின்னங்களைத் தனி அடைவில் வைப்பதால், முதல்முறை ஒரு தடவை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். முனையத்திலிருந்து திறக்க, 'ஃபிளாட்பேக் ரன்' என்று தொடங்கி, 'ஆர்க்', 'இங்க்ஸ்கேப்', மறுபடியும் 'இங்க்ஸ்கேப்' என மூன்றையும் புள்ளி வைத்துச் சேர்க்க வேண்டும். கடைசிச் சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இல்லாவிட்டால் திறக்காது.

ஆப்ட் இப்படிச் சுற்றவிடுவதில்லை. கட்டளை 'யுஎஸ்ஆர்/பின்' அடைவுக்கும், மெனுச் சின்னத்தின் கோப்பு 'யுஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' அடைவுக்கும் போய்விடுகின்றன. சின்னம் உடனே மெனுவில் தெரிகிறது. ஆப்ட்டிலும் ஒரு குழப்பம் உண்டு: அது ஏற்றும் மென்பொருள் தொகுப்பின் பெயரும் கட்டளையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிடிஎஃப் கோப்புகளை இணைக்க 'பாப்ளர்-யுட்டில்ஸ்' ஏற்றினேன். மெனுவில் சின்னம் இல்லை, அந்தப் பெயரில் கட்டளையும் இல்லை. 'டிபிகேஜி' என்று எழுதி, கழித்தல் குறியோடு பெரிய 'எல்' சேர்த்து, தொகுப்பின் பெயரைக் கொடுத்தேன். அது வைத்த கோப்புகள் அத்தனையும் வரிசையாக வந்தன. 'பின்' அடைவின் கீழே 'பிடிஎஃப்யுனைட்' நின்றது. அந்தப் பட்டியலுக்காகவே நான் ஆப்ட்டை விடமாட்டேன். ஏற்றியவர் விடுப்பில் இருந்தாலும் மற்றவர் கண்டுபிடித்துவிடலாம்.

ஆப்இமேஜ் தானாக மெனுவில் ஏறாது. கோப்புக்கு இயக்கும் அனுமதி கொடுத்துவிட்டு, மெனுவுக்கான கோப்பை நாமே எழுத வேண்டும். பதிவிறக்க அடைவைச் சுத்தம் செய்யும்போது கோப்பை இடம் மாற்றினால் சின்னம் செத்துவிடும். எங்களுக்கு இரண்டு முறை நடந்தது. ஸ்னாப் என்ற இன்னொரு வழியைச் சில வாரங்களே தொட்டிருக்கிறேன். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது.

ஆப்ட்டில் புதிய பதிப்பு தாமதமாகத்தான் வரும் என்பது உண்மைதான். டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில், இங்க்ஸ்கேப் 1.2 உடன், அடுத்த மாதமே 1.3 வந்துவிட்டது. புதியது தேவைப்படும் ஒரு கணினியில் மட்டும் ஃபிளாட்பேக்கை விட்டுவைத்திருக்கிறோம். அந்த நீளப் பெயரைச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் அவள் ஒட்டியிருக்கிறாள், பெரிய எழுத்தின் அடியில் சிவப்புக் கோடு போட்டு.