தங்குவதா, போவதா: லிவர்பூலும் எவர்டனும்

சனிக்கிழமை இரவானால் கல்லடியில் எங்கட வீட்டில் இரண்டு கட்சி. தம்பி லிவர்பூல், மச்சான் எவர்டன்; இரண்டும் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து உதைபந்தாட்டக் கழகங்கள். (மட்டக்களப்பில் எவர்டன் ரசிகரைத் தேடிப் பிடிப்பதைவிட வாவியில் மீன் பாடுவதைக் கேட்பது சுலபம்.) இப்போது சண்டை கோலைப் பற்றியில்லை, மைதானத்தைப் பற்றி. பழையதைப் பெருப்பிப்பது நல்லதா, விட்டுவிட்டுப் போவது நல்லதா?

முதலில் ஒரு பழங்கதை. இன்று லிவர்பூலின் மைதானமான அன்பீல்டில் 1884 முதல் ஆடியது எவர்டன்தான். காணிக்காரர் ஜோன் ஹோல்டிங்கோடு வாடகைப் பிணக்கு வந்து, 1892இல் ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க்குக்குப் போனார்கள். வெறுமையாய்க் கிடந்த மைதானத்துக்கு ஒரு அணி வேண்டுமென்று ஹோல்டிங் தொடங்கியதுதான் லிவர்பூல். தம்பிக்கு இதைச் சொன்னால் முகம் கறுக்கும்.

லிவர்பூலும் போகத்தான் பார்த்தது. பூங்காவில் புது மைதானம் என்று வருடக்கணக்கில் பேசி, 2012இல் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. பிறகு அன்பீல்டின் பழைய பிரதான பார்வையாளர் அரங்குக்குப் பின்னால் புதியதை எழுப்பினார்கள்; முன்னால் ஆட்டம் நடந்துகொண்டேயிருந்தது. 2016இல் சுமார் 8,500 இருக்கைகள் கூடின. அடுத்து அன்பீல்ட் ரோட் அரங்கு: 80 மில்லியன் பவுண், 7,000 இருக்கைகள். 2023இல் ஒப்பந்தக்காரரே முறிந்துபோய் வேலை இழுபட்டது. இன்று 61,000 பேர் இருக்கலாம். குறைந்த செலவு, பழகிய இடம், அதே ஆரவாரம்.

ஆனால் இந்தக் கணக்கில் வராத செலவொன்று உண்டு. அரங்கைப் பெருப்பிக்க இடம் வேண்டி, பின்னாலிருந்த தெருக்களில் வீடுகளைக் கழகம் வாங்கி, வருடக்கணக்கில் பலகை அடித்துப் பூட்டி வைத்தது. பக்கத்து வீடு பாழடைந்தால் நம் வீட்டுக்கு என்ன பெறுமதி? அந்தச் சனம் வருடக்கணக்கில் அதோடு சீவித்தது.

எவர்டனுக்கு அந்த வழியும் இல்லை. குடிசனைச் சுற்றி வீடுகள், மூலையில் தேவாலயம். உள்ளே தூண்கள் கண்ணை மறைக்கும். 1966 உலகக்கிண்ண அரையிறுதி நடந்த இடம், 39,000 பேரோடு நின்றுவிட்டது. அதனால் 1848இல் திறந்த பிராம்லி மூர் கப்பல்துறையை ஏறக்குறைய ஐந்து இலட்சம் கனமீற்றர் கடல் மணல் கொட்டி நிரப்பி, 52,769 பேருக்குப் புது மைதானம் கட்டினார்கள். தொடக்கத்தில் 500 மில்லியன் பவுண் என்றது 750ஐத் தாண்டியது. நீர்க்கரை அபிவிருத்தியோடு இந்த மைதானத்தையும் காரணங்காட்டி யுனெஸ்கோ 2021இல் லிவர்பூல் நகரை உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கியது. வாவியைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவனுக்கு, நீரை மண்போட்டு மூடுவதென்றால் உடனே கைதட்ட வராது. ஆனாலும் 2025 ஓகஸ்ட்டில் அங்கே எவர்டன் பிரைற்றன் அணியை 2-0 என்று வென்ற அன்று மச்சானின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

காசை மட்டும் பார்த்தால் தம்பி வென்றான். இடமே இல்லாதவனுக்கு எது புத்தி என்று கேட்டால் மச்சான் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் தம்பியோடுதான், அதுவும் அந்தப் பூட்டிய வீடுகளை நினைத்து அரைமனதோடு.

பெயர் விடயத்தில் மட்டும் எனக்கு முழுமனது. குடிசன் என்பது தெருவின் பெயர். புது மைதானம் அனுசரணை வழங்கும் சட்ட நிறுவனமான ஹில் டிக்கின்சனின் பெயரில். எங்கட வெபர் மைதானம், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை விளையாட்டில் வளர்த்த அமெரிக்க இயேசு சபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரில். நாளைக்கு யாராவது அதை நகருக்கு வெளியே கொண்டுபோவோம் என்றால், முதல் கேள்வி எத்தனை இருக்கை என்பதல்ல, பலகையில் என்ன எழுதுவீர்கள் என்பதுதான்.

மச்சான் இதற்கும் பதில் வைத்திருக்கிறான்: குடிசனை இடிக்கவில்லையே, அங்கே இப்போது எவர்டன் பெண்கள் அணி ஆடுகிறதே என்கிறான்.